வீட்டில் செய்யும் பீர் மலிவா? ஒரு பாட்டில் கணக்கு



இட்லி மாவை வீட்டிலேயே அரைப்பது லாபமா, கடையில் பாக்கெட் வாங்குவது லாபமா? இந்தக் கேள்வியை உங்க வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அரிசி, உளுந்து விலையை மட்டும் கூட்டிப் பார்த்து, "வீட்டு மாவுதான் மலிவு" என்று ஒருத்தர் சொல்வார். கிரைண்டர் விலை, கரண்டு பில் என்று இன்னொருத்தர் இழுப்பார். "அரைக்கிறது நான்தானே, என் நேரத்துக்கு யாரு கணக்கு போட்டது?" என்று அம்மா கேட்டதும் எல்லோரும் அமைதியாகிடுவாங்க. மூணு பேர் சொன்னதும் சரிதான். ஒவ்வொருத்தரும் வேற வேற செலவை எண்ணுறாங்க, அவ்வளவுதான்.

இதே வாதம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பீரை வைத்து நடக்கிறது. அங்கே வீட்டிலேயே பீர் தயாரிப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட ஒரு பொழுதுபோக்கு. "கடையில் இரண்டு டாலர், வீட்டில் முக்கால் டாலர்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் அங்கே நிறைய பேர். அந்தக் கணக்கு உண்மையா? எஞ்சினியரிங் எகனாமிக்ஸ் பேப்பரில் நாம படிக்கிற ஃபிக்ஸட் காஸ்ட், வேரியபிள் காஸ்ட், பிரேக் ஈவன் எல்லாத்தையும் ஒரே பாட்டிலில் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வாங்க, போட்டுப் பார்க்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் எந்த மதுவைத் தயாரித்தாலும் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதனால இது செய்து பார்க்கிறதுக்கான கட்டுரை இல்லை, கணக்கு போட்டுப் பார்க்கிறதுக்கான கட்டுரை. நோட்டும் பேனாவும் போதும்.

முதலில், பீர் எப்படி உருவாகிறது?

நம்ம ஊரில் "காய்ச்சுறது" என்றால் அடுப்பேற்றி ஆவியாக்கி வடிப்பது. பீர் அப்படி இல்லை. அது வடிக்கப்படுவதில்லை, நொதிக்க வைக்கப்படுகிறது. ஒரு வகையில் சாராயத்தைவிட இட்லி மாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

பார்லியை முளைகட்ட வைத்து உலர்த்தினால் அதுதான் மால்ட். அதை உடைத்து, சுமார் 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறார்கள். தானியத்திலுள்ள என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்த இனிப்பு நீரை வடிகட்டி, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். பிறகு அறை வெப்பநிலைக்கு ஆற்றி ஈஸ்ட்டைத் தூவி, ஏர்லாக் வைத்து மூடி விடுகிறார்கள். அடுத்த இரண்டு வாரம் வேலை முழுக்க ஈஸ்ட்டுடையது. சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் வெளியே தள்ளும். கடைசியில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்தால், இன்னும் இரண்டு வாரத்தில் பாட்டிலுக்குள்ளேயே நுரை சேர்ந்துவிடும்.

எவ்வளவு ஆல்கஹால் வந்திருக்கு என்று பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர் போதும். நொதிப்பதற்கு முன் ஒப்படர்த்தி 1.050, முடிந்த பின் 1.012 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமான 0.038-ஐ 131.25-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 5 சதவீதம். ஃபிசிக்ஸ் லேப்பில் தூசி படிந்து கிடக்கிற அதே கருவிதான்!

ஒரு ஈடு, 48 பாட்டில்

இட்லிக்கு ஒரு ஈடு என்று சொல்வோம் இல்லையா, அதையே இங்கேயும் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வீட்டு பீரின் வழக்கமான ஈடு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். 355 மில்லி பாட்டிலில் அடைத்தால் கணக்குப்படி 53 வரணும். அடியில் வண்டல் தங்கும், குழாயில் கொஞ்சம் போகும். கைக்கு 48 பாட்டில் வருவதாக வைத்துக்கொள்ளலாம்.

விலைகள் கடைக்குக் கடை மாறும். கணக்கு புரியணும் என்பதற்காக, நடைமுறைக்குப் பக்கமான முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன்.

மாறும் செலவு: சுமார் நாலரை கிலோ மால்ட், 50, 60 கிராம் ஹாப்ஸ், ஒரு பாக்கெட் ஈஸ்ட், சர்க்கரை, மூடிகள், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு ஈட்டுக்கு 36 டாலர். பாட்டிலுக்கு 75 சென்ட்.

நிலைச்செலவு: பெரிய பாத்திரம், நொதிக்க வைக்கும் கலன், ஏர்லாக், தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர், குழாய், ஆற்றும் செப்புச் சுருள், மூடி போடும் கருவி எல்லாம் சேர்த்து 240 டாலர். காலி பாட்டில்களைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம்.

ஆக, நம்ம சமன்பாடு இதுதான்:

ஒரு பாட்டில் செலவு = (5 ÷ ஈடுகளின் எண்ணிக்கை) + 0.75 டாலர்

240-ஐ 48-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 5. முதல் ஈட்டோடு நிறுத்தினால் ஒரு பாட்டில் 5.75 டாலர். நட்சத்திர ஓட்டல் விலை! பத்து ஈடு போட்டால் 1.25. நாற்பது ஈடு போட்டால் 88 சென்ட். கோடு வேகமாக இறங்கி 75 சென்ட்டை நெருங்கும், ஆனால் தொடாது. அசிம்ப்டோட் என்று கணக்கு வகுப்பில் சொன்னது இதைத்தான்.

எதோடு ஒப்பிடுவது?

இங்கேதான் பலரும் சறுக்குறாங்க. கடையில் இரண்டு விதமான பீர் இருக்கிறது. பெரிய ஆலையின் சாதாரண லாகர், பாட்டில் 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஆலைகள் செய்யும் கிராஃப்ட் பீர், 2 டாலர்.

கிராஃப்ட் பீரோடு ஒப்பிட்டால், ஒரு ஈட்டுக்குக் கடைவிலை 96 டாலர், நம்ம செலவு 36. மிச்சம் 60. போட்ட 240 டாலர் நாலே ஈட்டில் திரும்பிவிடும்.

சாதாரண லாகரோடு ஒப்பிட்டால், கடைவிலை 48, செலவு 36, மிச்சம் 12. அதே 240 டாலரை எடுக்க 20 ஈடு ஆகும்.

இங்கே சட்டமும் கணக்குக்குள் வருகிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை தேசிய மதுவிலக்கு இருந்தது. அது முடிந்த பிறகும் வீட்டு பீருக்கு அனுமதி இல்லை. 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதற்கு வழி திறந்தது. விற்கக்கூடாது, சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஒரே ஒரு வயதுவந்தவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரி கிடையாது. மாநிலங்களும் தனித்தனியாக ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியாக மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் அனுமதித்தன.

100 கேலன் என்றால் 20 ஈடு. அதாவது தனியாக வாழ்கிற ஒருவர் சாதாரண லாகரோடு போட்டி போட்டால், சட்டம் அனுமதிக்கிற உச்ச வேகத்தில் செய்தாலும் முதலைத் திரும்ப எடுக்க முழுசாக ஒரு வருஷம் ஆகும். அதற்குள் அவர் 960 பாட்டிலைக் காலி பண்ணியிருக்கணும்! நண்பர்களுக்குக் கொடுக்கலாம், ஆனால் காசு வாங்கக் கூடாது. உடம்பு தாங்குமா என்பது இந்தச் சமன்பாட்டிலேயே இல்லாத செலவு.

அம்மா கேட்ட கேள்வி

இப்போ நேரம். ஊற வைத்து, கொதிக்க வைத்து, ஆற்றி முடிக்க 5 மணி நேரம். பாட்டிலில் அடைக்க 2 மணி நேரம். கழுவ 1 மணி நேரம். மொத்தம் 8 மணி நேரம். ஒரு பாட்டிலுக்குப் பத்து நிமிஷ உழைப்பு.

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்களில் இதைவிட அதிகம். குறைந்ததையே எடுத்துக்கொண்டாலும் 8 மணி நேரத்துக்கு 58 டாலர். பொருள்செலவு 36-ஐச் சேர்த்தால் ஒரு ஈட்டுக்கு 94.

சாதாரண லாகரோடு போட்டி அப்பவே முடிஞ்சுது. 48 டாலர் சரக்கைச் செய்ய 94 டாலர் செலவு. எத்தனை ஈடு போட்டாலும் நஷ்டம் கூடிக்கிட்டேதான் போகும்.

கிராஃப்ட் பீரோடு ஒப்பிட்டால் 96-இல் 94 போக மிச்சம் 2 டாலர். 240 டாலரை இரண்டிரண்டாக எடுக்க 120 ஈடு. மாதம் ஒன்று போட்டால் பத்து வருஷம்! நடுவில் ஒரே ஒரு ஈட்டில் வேண்டாத பாக்டீரியா புகுந்து புளித்துப் போனால், 94 டாலர் சாக்கடைக்குப் போகும். அதை ஈடுகட்ட இன்னும் 47 ஈடு.

ஆக, முதலில் வந்த விடை 4 ஈடு. அப்புறம் 20. இப்போ 120. பீர் மாறலை, பாத்திரம் மாறலை. எதை எண்ணினோம் என்பது மட்டும்தான் மாறியது.

பெரிய ஆலை ஏன் இவ்வளவு மலிவாகச் செய்கிறது?

19 லிட்டர் கலனையும் 19,000 லிட்டர் கலனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வடிவம் என்றால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு, ஆனால் மேற்பரப்பு நூறு மடங்குதான். கொள்ளளவு நீளத்தின் கனமாக வளர்கிறது, மேற்பரப்பு வர்க்கமாக வளர்கிறது. அதனால் ஒரு லிட்டருக்கு ஆகும் மேற்பரப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. சுவர் வழியாக வீணாகும் வெப்பமும் லிட்டருக்கு அதே அளவில் குறையும். தகடு கொஞ்சம் கனமாகத் தேவைப்பட்டாலும் லிட்டருக்கான எஃகு குறைவுதான். உழைப்பு இன்னும் மோசமான வித்தியாசம். ஒரு வால்வைத் திறக்கும் நேரம் 19 லிட்டருக்கும் ஒன்றுதான், 19,000-க்கும் ஒன்றுதான்.

அறிவும்கூட ஒரு நிலைச்செலவுதான். கார்ல்ஸ்பெர்க் ஆலை 1875-இல் கோபன்ஹேகனில் ஓர் ஆய்வகம் தொடங்கியது. அங்கேதான் 1883-இல் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அங்கே வேலை செய்த சோரன்சன்தான் 1909-இல் பிஹெச் அளவுகோலைத் தந்தவர். டப்ளினில் கின்னஸ் ஆலை வேலைக்கு எடுத்த வில்லியம் கோசெட், குறைந்த எண்ணிக்கையிலான மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் ஒரு சோதனை முறையைக் கண்டுபிடித்து, 1908-இல் "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் வெளியிட்டார். நாலாவது செமஸ்டரில் நம்மை அழ வைக்கிற அதே டி டெஸ்ட்! இந்த ஆய்வுச் சம்பளமெல்லாம் கோடிக்கணக்கான பாட்டில்களில் பிரியும்போது ஒரு பாட்டிலின் பங்கு கண்ணுக்கே தெரியாது.

அப்போ வீட்டுக்காரர் எப்படிப் போட்டியிலேயே இருக்கிறார்?

இதுதான் எனக்கு இந்தக் கணக்கில் ரொம்பப் பிடித்த இடம். ஆயிரம் மடங்கு பெரிய ஆலையோடு மோதினால் வீட்டுக்காரர் படுதோல்வி அடையணும். ஆனால் உழைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் பாட்டில் 75 சென்ட்டில் நிற்கிறாரே, எப்படி?

ஆலைக்கு உள்ளே அவர் தோற்கிறார். ஆலை வாசலுக்கு வெளியே ஜெயிக்கிறார்.

கடையில் நாம் கொடுக்கும் விலை பீரைச் செய்யும் செலவு மட்டும் இல்லை. புதுப் பாட்டில், அட்டைப்பெட்டி, லாரி, குளிரூட்டிய கிடங்கு, விளம்பரம், வரி எல்லாம் அதில் இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தயாரிப்பவர், விநியோகிப்பவர், சில்லறை விற்பவர் என்ற மூன்று அடுக்கு முறையும் உண்டு. ஒவ்வொரு அடுக்கும் தன் லாபத்தைச் சேர்க்கும்.

பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். பெரிய ஆலை அந்தத் தண்ணீரையும் கண்ணாடியையும் நூற்றுக்கணக்கான மைல் சுமந்து கொண்டுபோகிறது. வீட்டுக்காரர் நாலரை கிலோ தானியத்தை மட்டும் தூக்கி வருகிறார். தண்ணீர் அவர் வீட்டுக் குழாயிலேயே வருகிறது. லாரி இல்லை, விளம்பரம் இல்லை, விநியோகஸ்தர் இல்லை.

வரி? அது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்க மத்திய அரசு பெரிய ஆலைகளிடம் பேரலுக்கு 16 டாலர் என்ற விகிதத்தில் தொடங்கி வரி வாங்குகிறது. ஒரு பேரலில் சுமார் 330 பாட்டில். பாட்டிலுக்கு 5 சென்ட்தான். மாநில வரி தனி. பிரிட்டனில் கதை வேறு. 2023 ஆகஸ்டில் புது முறை வந்தபோது, பாட்டிலில் வரும் சாதாரண பீருக்கு அதிலுள்ள தூய ஆல்கஹாலின் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 21 பவுண்டு வரி இருந்தது. 5 சதவீத பீர் அரை லிட்டரில் 25 மில்லி ஆல்கஹால். அந்த விகிதப்படி அதற்கு மட்டும் 52 பென்ஸ், மேலே 20 சதவீத வாட். 1963-இல் உரிமம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டதிலிருந்து அங்கே வீட்டு பீருக்கு இந்த வரி கிடையாது. அதனால்தான் ஒரே பாத்திரம், ஒரே மால்ட் வைத்துச் செய்தாலும் "மலிவு" என்ற வாதத்துக்கு அமெரிக்காவைவிட பிரிட்டனில் பலம் அதிகம்.

நேரத்துக்கு விலை போடுவது நியாயமா?

சரி, ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் அஞ்சு மணி நேரம் கிரிக்கெட் ஆடுறீங்க. அதற்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி போடுவீங்களா? மாட்டீங்க. அது வேலை இல்லை, விளையாட்டு. பீர் செய்வதை ஒருவர் ரசித்துச் செய்தால் அந்த 58 டாலர் செலவுப் பக்கத்தில் வரவே கூடாது. பாட்டில் கழுவுவதை வெறுத்துக்கொண்டு, மிச்சம் பிடிக்கணும் என்பதற்காக மட்டும் செய்தால் கட்டாயம் வரணும். ஒரே வேலை, இரண்டு விதமான கணக்கு. யாருடைய நேரம், அவருக்கு அது சுமையா சுகமா என்று கேட்காமல் வாய்ப்புச் செலவைப் போட முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ரசித்துச் செய்பவர் 240 டாலரோடு நிற்க மாட்டார். நாலு ஈடு முடிந்ததும் பெரிய பாத்திரம், பாட்டிலுக்குப் பதில் கெக், வெப்பநிலை காக்க ஒரு தனி ஃபிரிட்ஜ் என்று வாங்கிக்கிட்டே போவார். ஒவ்வொரு தடவையும் நம்ம கோடு மேலே குதித்து, மறுபடியும் முதலிலிருந்து இறங்கத் தொடங்கும். "ஏற்கனவே இவ்வளவு போட்டாச்சே" என்று மேலும் போடுவதுதான் சங்க் காஸ்ட் வலை. போட்டது போச்சு. இனி போடப்போவது திரும்புமா என்பது மட்டும்தான் கேள்வி.

கணக்கில் வராத வரவு

சார்லி பபாசியன் அணுசக்திப் பொறியியல் படித்தவர். 1978-இல் கொலராடோவின் போல்டரில் அமெரிக்க வீட்டு பீர் தயாரிப்பாளர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கலிஃபோர்னியாவின் சிக்கோவில் வீட்டு பீர் சாமான் கடை நடத்திய கென் கிராஸ்மன், பழைய பால்பண்ணைத் தொட்டிகளை மலிவாக வாங்கி மாற்றியமைத்து, 1980-இல் சியரா நெவாடா என்ற பெயரில் பீர் தயாரிக்கத் தொடங்கினார். நிலைச்செலவைக் குறைப்பது எப்படி என்பதற்கு அந்தத் தொட்டிகளே பாடம். ஆலை முதலாளியான பிறகு அவர் வாசலைத் தாண்டி மறுபக்கம் போனார். அளவின் லாபம் கிடைத்தது, வரியும் லாரியும் விநியோகஸ்தரும் கூடவே வந்தார்கள்.

1970-களின் இறுதியில் அமெரிக்கா முழுக்க நூற்றுக்கும் குறைவான பீர் நிறுவனங்கள்தான் இருந்தன. இன்று 9,000-க்கும் மேல் ஆலைகள். சின்ன ஆலைகளைத் தொடங்கியவர்களில் பலர் வீட்டுச் சமையலறையில் பழகியவர்கள். பாட்டிலுக்கு எத்தனை சென்ட் மிச்சம் என்ற கணக்கில் அந்தச் சமையலறை மணிநேரங்கள் வெறும் நஷ்டம். ஆனால் ஒரு தொழிலே அங்கேதான் பயிற்சி எடுத்தது.

இதை நாம பீரோடு விட்டுவிட வேண்டாம். சொந்தமாக டிரோன் கட்டுவது, ஹாஸ்டல் ரூமில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவது, டிபார்ட்மென்டுக்கு 3டி பிரின்டர் வாங்குவது என எதற்கும் "நாமே செஞ்சா மலிவு" என்று யாராவது சொன்னால், நாலு கேள்வி கேளுங்க. எத்தனை ஈடு போடப் போறோம்? எந்த விலையோடு ஒப்பிடுறோம்? யாருடைய நேரம் போகுது, அவருக்கு அது பிடிச்சிருக்கா? ஆலை வாசலுக்கு வெளியே எதையெல்லாம் மிச்சம் பிடிக்கிறோம்? நாலுக்கும் பதில் எழுதிட்டு அப்புறமா கால்குலேட்டரைத் தொடுங்க.